மூன்று பை வரியில் பிறந்த இருப்புப் பாதை

இந்திய நாட்டின் ரயில் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இலண்டனில் கூடிய கம்பெனிகளைப் பற்றியும், அவற்றின் பங்குதாரர்களைப் பற்றியும், கல்கத்தாவிலும் சென்னையிலும் வீற்றிருந்த ஆட்சியாளர்களைப் பற்றியுமே எழுதியிருக்கிறார்கள். அதில் வியப்பில்லை. பணம் போட்டவர் பெயர்தான் ஏட்டில் ஏறும். ஆனால் பழைய தஞ்சை ஜில்லாவின் கிழக்கிலும் தெற்கிலும், மாயவரத்தில் தொடங்கித் திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக அறந்தாங்கி வரை சென்ற ஓர் இருப்புப் பாதைக்குப் பணம் போட்டவர்கள் இலண்டனில் இருக்கவில்லை. அந்தப் பாதையின் இரு மருங்கிலும் இருந்தார்கள். நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு மூன்று பை வீதம் தஞ்சை ஜில்லா போர்டு வசூலித்த தனி வரியே அந்தப் பாதைக்கு அடித்தளம். ஒரு ரூபாய்க்கு 192 பை என்ற பழைய கணக்கை அறிந்தவர்கள், இது அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்று உடனே சொல்லிவிடுவார்கள். சிறு தொகைதான். ஆனால் காவிரிப் பாசன நிலம் முழுவதிலும் ஆண்டுதோறும் திரட்டப்பட்டபோது அது சிறு தொகையாக இருக்கவில்லை. மிராசுதாரர் கட்டிய வரியில் குத்தகைக்காரர் தலையில் இறங்கியது எவ்வளவு என்பது வேறு கதை.

தஞ்சை ஜில்லாவுக்கு ரயில் அதற்கு முன்பே வந்துவிட்டது. தென்னிந்தியப் பெரும் ரயில்வே என்ற இங்கிலாந்துக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து பாதை போடத் தொடங்கி, 1862-இல் திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. சென்னை மாகாணத்தின் மிகப் பழைய பாதைகளுள் இதுவும் ஒன்று. கம்பெனியின் முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. ரயில் ஓடி வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு ஐந்து வந்துவிடும். குறைந்தால் இந்நாட்டு வரிப்பணத்திலிருந்து இட்டு நிரப்பப்படும். இவ்வளவு வசதியான வாணிபம் நம் கடற்கரை மரைக்காயர்களுக்கு என்றும் வாய்த்ததில்லை.

இந்தப் பாதையின் வாழ்க்கையில் ஒரு வேடிக்கை உண்டு. இது முதலில் அகலப் பாதையாகவே போடப்பட்டது. பிறகு செலவைக் குறைக்க வேண்டுமென்று மீட்டர் அளவைக் கொள்கையாக்கிய அரசின் போக்குக்கு ஏற்ப, 1875-இல் தண்டவாளங்களை நெருக்கி மீட்டர் பாதையாக்கினார்கள். அதே பாதை மீண்டும் கடல் வரை அகலப் பாதையாவதற்கு 130 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அன்று மிச்சம் பிடித்த காசு பிற்காலத்தில் எத்தனை மடங்காகச் செலவாயிற்று என்று எவரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கம்பெனியின் பாதை நாகப்பட்டினத் துறைமுகத்தையும் தஞ்சை, திருச்சி நகரங்களையும் இணைத்ததோடு நின்றது. அதற்குத் தெற்கே கிடந்த நாடு கம்பெனியின் கண்ணில் படவில்லை. நெல் விளையும் நிலமும், உப்பளங்களும், இலங்கையோடு தோணி வாணிபம் செய்த சிறு துறைகளும் அங்கே இருந்தன. ஆயினும் கம்பெனி தானாக முன்வரவில்லை. அந்நிலையில்தான் ஜில்லா போர்டு இறங்கியது. உள்ளூராட்சி மன்றங்களுக்கு வரி போடவும் பணி செய்யவும் ஓரளவு உரிமை கிடைத்திருந்த காலம் அது. சாலை, சத்திரம், மருத்துவமனை என்று நின்றுவிடாமல், ரயில் பாதையே போடுவது என்று தஞ்சையார் துணிந்தார்கள். 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் திறக்கப்பட்டது. 1902-இல் பட்டுக்கோட்டையையும், 1903-இல் அறந்தாங்கியையும் அப்பாதை எட்டியது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் உப்பளங்களை நோக்கிப் பிற்காலத்தில் ஒரு கிளையும் பிரிந்தது. பாதை போர்டுக்குச் சொந்தம். வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொண்டு. ஓட்டுவதற்குக் கம்பெனி தயங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் போடத்தான் அதற்கு மனமில்லாதிருந்தது.

இந்தப் பாதை நம் ஊர்களுக்கு என்ன செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் சபர் செய்து வாழ்ந்த ஊர்கள். இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என்று ஆண்மக்கள் போய், பணமும் கடிதமும் அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு திரும்பிய ஊர்கள். மலாய் நாட்டுக்குக் கப்பல் ஏற நாகப்பட்டினம் போக வேண்டும். ரயில் வரும் முன் அது மாட்டு வண்டிப் பயணம். வழியில் வாய்க்காலும் ஆறும் குறுக்கிடும். ஐப்பசி கார்த்திகையில் வண்டிப் பாதையே மறைந்துவிடும். 1894-க்குப் பின் முத்துப்பேட்டைக்காரரும், 1902-க்குப் பின் அதிராம்பட்டினத்தாரும் தம் ஊர் ஸ்டேஷனில் ஏறித் திருவாரூரில் வண்டி மாறினால் நாகப்பட்டினக் கரை. ரஜூலா கப்பல் 1926-இல் ஓடத் தொடங்கியது முதல், 1985-இல் எம். வி. சிதம்பரம் தீப்பிடித்துக் கப்பல் பயணமே முடிவுக்கு வந்த காலம் வரை, இரண்டு மூன்று தலைமுறையினர் இந்த வழியில்தான் போய் வந்தார்கள். ஊர் ஸ்டேஷனில் வழியனுப்பி நின்ற தாய்மாரும் மனைவிமாரும் கடலைப் பார்த்ததில்லை. அவர்களைப் பொறுத்தவரை கப்பல் புறப்பட்ட இடம் அந்த ரயிலடிதான்.

நாகூர்க் கந்தூரிக்கும், முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடை தர்காவுக்கும் வந்த மக்களில் முஸ்லிம்களும் உண்டு, முஸ்லிமல்லாதாரும் உண்டு. அவர்களில் ஏழைகளே மிகுதி. அவர்களை ஏற்றி வந்தது மூன்றாம் வகுப்புப் பெட்டி. 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி எழுந்தபோது, சுற்றுப்புற ஊர்களின் மாணவர்க்கும் இப்பாதை பயன்பட்டது. மேற்படிப்புக்காகப் பிள்ளையைத் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்ப அஞ்சிய பெற்றோர், ரயிலில் போய் மாலையில் வீடு திரும்பும் கல்லூரிக்கு அனுப்ப அஞ்சவில்லை.

தஞ்சையார் காட்டிய வழியைப் பிற ஜில்லாக்களும் பின்பற்றின. கோவைப் பக்கம் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இல் பாதை திறந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-இல் ஓடிய ரயிலும் ஜில்லா போர்டின் முயற்சியே. காயல்பட்டினம் ரயில் கண்டது அதனால்தான்.

பக்கத்திலேயே காரைக்காலின் கதையோ வேறு. அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1898-இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு பாதை போடப்பட்டது. காரைக்காலுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நாகூர். அங்கும் ரயில் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே கொடி வேறு, ஆட்சி வேறு. ஆகவே பாதை இல்லை. காரைக்காலிலிருந்து நாகூருக்கு ரயிலில் வர நினைத்தவர் மேற்கே பேரளம் போய், தெற்கே திருவாரூர் போய், மறுபடி கிழக்கே திரும்ப வேண்டும். பிரெஞ்சுக் கொடி 1954-இல் இறங்கியது. அதன் பிறகாவது அந்த இடைவெளி நிரம்பியதா என்றால், 1980-களில் பேரளம் பாதையில் வண்டிகள் நின்று, காரைக்காலுக்கு இருந்த ஒரே ரயிலும் போயிற்று. நாகூர் காரைக்கால் இணைப்பு 2011 டிசம்பரில்தான் வந்தது. கொடி இறங்கிய பின்னும் 57 ஆண்டுகள். இடையில் இருந்த தடை கொடி மட்டும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது ஒரு பாடம்.

ஜில்லா போர்டு பாதைக்கு வருவோம். 1944-இல் தென்னிந்திய ரயில்வே அரசுடைமையாயிற்று. 1951 ஏப்ரலில் தென்னக ரயில்வே உருவானபோது இப்பகுதியின் பாதைகளெல்லாம் அதனுள் அடங்கின. பின்னர் ஜில்லா போர்டுகளே கலைந்தன. நாட்டின் பாதைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வருவது நியாயம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஒவ்வொரு ஜில்லாவும் ஒரு ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தால் சரக்கு டில்லி போய்ச் சேராது. ஆனால் அந்த இணைப்பில் ஒன்று கைநழுவிப் போயிற்று. முன்பு பட்டுக்கோட்டைக்கு ரயில் வேண்டுமா வேண்டாமா என்று தஞ்சாவூரில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்களே வரியும் கொடுத்தார்கள். இப்போது மனு தஞ்சையிலிருந்து திருச்சிக் கோட்டத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும், அங்கிருந்து டில்லிக்கும் போக வேண்டும். 1924 முதல் ரயில்வேக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்க அதில் இடமிருந்தது. 2017-இல் அதுவும் பொது வரவுசெலவுத் திட்டத்தில் கரைந்துவிட்டது.

முடிவெடுக்கும் இடம் தொலைவானதும் முதலில் அடிபட்டவை கிளைப் பாதைகளே. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 1915 முதல் ஓடிய ரயில் 1976-இல் நிறுத்தப்பட்டது. அது திரும்பி வர 2011 ஆயிற்று. ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து, அதற்கும் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும் காலம் அது.

1992-இல் நாடு முழுவதையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் சி. கே. ஜாபர் ஷெரீப். திட்டம் தவறானதன்று. இரண்டு அகலங்கள் சந்தித்த ஸ்டேஷன்களில் சரக்கை இறக்கி ஏற்றிய கூலியாட்களைக் கேட்டால் அதன் தேவை புரியும். ஆனால் பெரிய பாதைகள் முதலில், சிறிய பாதைகள் கடைசியில் என்ற வரிசையில் நம் பாதை கடைசியில் நின்றது. 2006-இல் விழுப்புரம் மயிலாடுதுறை இடையே மாற்றுப் பணிக்காக வண்டிகள் நிறுத்தப்பட்டபோது, சென்னைக்கும் காரைக்குடிக்கும் இவ்வழியே ஓடிய கம்பன் எக்ஸ்பிரஸ் நின்றுபோயிற்று. நான்கு ஆண்டில் அந்தப் பாதை திறந்தது. கம்பன் திரும்பவில்லை.

2012-இல் திருவாரூர் காரைக்குடி மீட்டர் பாதையும் மூடப்பட்டது. மயிலாடுதுறை முதல் காரைக்குடி வரையும், திருத்துறைப்பூண்டி முதல் அகஸ்தியம்பள்ளி வரையுமாக 224 கிலோமீட்டர் ஒரே திட்டம். அதில் மயிலாடுதுறை திருவாரூர் பகுதி 2012-இல் முடிந்தது. திருவாரூர் காரைக்குடி 2019-இல். அகஸ்தியம்பள்ளிக் கிளை 2023 ஏப்ரலில். அதற்கும் அப்பால் கோடியக்கரை வரை முன்பு கிடந்த துண்டு மீண்டும் போடப்படவே இல்லை. மண்ணை மனிதர் கூடையில் சுமந்த காலத்தில், முத்துப்பேட்டைக்கு ரயில் வந்த ஒன்பதாம் ஆண்டில் அது அறந்தாங்கியில் நின்றது. வெறும் வயலிலும் களரிலும் புதிதாகப் போட்ட பாதை அது. ஏற்கெனவே கரை இருந்த, நிலம் இருந்த பாதையைச் சற்று அகலமாக்க இயந்திரங்களோடு வந்தவர்கள் ஏழு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். காரணம் பொறியியலில் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கிய தொகையில் இருந்தது. நூறு தேவைப்படும் பணிக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தால் பத்து ஆண்டு ஆகும் என்பது சிறுவர் கணக்கு.

ஏழு ஆண்டு ரயிலே இல்லாத ஓர் ஊரில் என்ன நடக்கும்? பேருந்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நோயாளியைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ கொண்டு போகிறவர், பேருந்தில் எத்தனை பேர் படுக்க முடியும் என்பதை அறிவார். விமான நிலையத்துக்குப் போகும் சபராளி வாடகைக் காருக்குக் கொடுக்கும் தொகை, அவர் கொண்டுவரும் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு. தனியார் இரவுப் பேருந்துகள் பெருநாள் விடுமுறை வந்தால் கட்டணத்தை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. அரசு மிச்சம் பிடித்த பணம் எங்கும் போய்விடவில்லை. அது வீடுவீடாக வசூலாயிற்று.

2019 ஜூன் முதல் தேதி திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே மீண்டும் பயணிகள் வண்டி ஓடியது. மாலை மரியாதை எல்லாம் நடந்தது. பல நூறு கோடி ரூபாய் செலவில் புதிய தண்டவாளம், புதிய பாலங்கள், புதிய நடைமேடைகள். ஆனால் சாலைகள் பாதையைக் கடக்கும் இடங்களில் கேட் இருந்தது, அதை மூடித் திறக்க ஆள் இல்லை. கேட்கீப்பர் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை. ஆகவே ஒரு வழி கண்டார்கள். கேட்கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கடவு வரும் முன் வண்டி நிற்கும். முன்பக்கமிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி ஊர்ந்து கடவைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பக்கத்தில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். வண்டி புறப்படும். அடுத்த கடவில் மீண்டும் இதே சடங்கு. இப்படி வழிநெடுகிலும் கடவுகள். 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. மணிக்கு 25 கிலோமீட்டர்கூட இல்லை.

நிர்வாக நூல்களில் இதற்குச் சரியான பெயர் இருக்கக்கூடும். எமக்குத் தோன்றுவது இவ்வளவே: பாதை போடுவது ஒருமுறைச் செலவு, கல்வெட்டில் பெயர் வரும் செலவு. கேட்டில் ஆள் வைப்பது மாதந்தோறும் செலவு, எவர் பெயரும் வராத செலவு. முதலதற்குப் பல நூறு கோடி கிடைத்தது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடைக்கவில்லை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வீண் என்பதைச் சொல்ல ரயில் நிபுணர் தேவையில்லை. பள்ளிவாசல் கட்டி முடித்துவிட்டு முஅத்தினுக்குச் சம்பளம் இல்லை என்று சொன்ன ஜமாஅத்தை நாம் கண்டிருக்கிறோம்.

அந்த வண்டியில் எவர் ஏறுவார்? வேலைக்குப் போகிறவர் ஏற முடியாது. கல்லூரி மாணவர் ஏற முடியாது. சில மாதங்களில், எதிர்பார்த்தபடியே, கூட்டம் இல்லை என்ற பேச்சு எழுந்தது. கூட்டம் இல்லாததால் கூடுதல் வண்டி இல்லை, கூடுதல் வண்டி இல்லாததால் கூட்டம் இல்லை. நாடெங்கும் சிறு பாதைகள் இந்தச் செக்கில்தான் சுற்றுகின்றன. 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லா வண்டிகளையும் நிறுத்தியது. இந்தப் பாதையில் மீண்டும் வண்டி வர 2021 ஆகஸ்டு ஆயிற்று. அப்போது சாதாரணப் பயணிகள் வண்டிகளுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம். பத்து ரூபாய்ப் பயணம் முப்பது ரூபாய் ஆயிற்று. வேகம் மட்டும் எக்ஸ்பிரஸ் ஆகவில்லை. பழைய கட்டணம் திரும்பியது 2024-இல். கடவுகளில் பின்னர் முன்னாள் படைவீரர்களை ஒப்பந்த முறையில் அமர்த்தினார்கள். அதன் பிறகே வண்டிக்கு ஓட்டம் வந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் தாம்பரம் செங்கோட்டை விரைவு வண்டி இவ்வழியே ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் எர்ணாகுளம் வேளாங்கண்ணி வண்டி முறையாக ஓடலாயிற்று. பாம்பன் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபோது, தாம்பரத்திலிருந்து இராமேசுவரத்துக்கு ஒரு தினசரி வண்டி இப்பாதையில் கிடைத்தது. கம்பன் எக்ஸ்பிரஸ் நின்ற 2006-இலிருந்து எண்ணினால், பட்டுக்கோட்டைச் சீமைக்குத் தலைநகரோடு நாள்தோறும் ரயில் தொடர்பு திரும்பப் பத்தொன்பது ஆண்டுகள். அதுவும் பட்டுக்கோட்டைக்காக வந்த வண்டியன்று. இராமேசுவரத்துக்குப் போகும் வண்டி இவ்வழி போகிறது. இருக்கட்டும், வந்தவரை நலம்.

வராத ஒன்று இன்னும் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு நேர்ப்பாதை. வெள்ளையர் காலத்திலேயே பேசப்பட்டது. அளவைகளிலும் அறிவிப்புகளிலும் பலமுறை இடம்பெற்றது. தண்டவாளம் மட்டும் போடப்படவில்லை. சாலை வழியே ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தொலைவு. மருத்துவமனைக்கும், கலெக்டர் அலுவலகத்துக்கும், நீதிமன்றத்துக்கும் பட்டுக்கோட்டை வட்டாரத்தார் போக வேண்டிய ஊர் தஞ்சாவூர்தான். ரயிலில் போக விரும்பினால் கிழக்கே திருவாரூர் வரை 76 கிலோமீட்டர் போய், அங்கே வண்டிக்குக் காத்திருந்து, மேற்கே திரும்பி இன்னும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டும். ஜில்லா போர்டு 1902-இல் பட்டுக்கோட்டைக்குப் போட்டுக் கொடுத்த வழி அது ஒன்றுதான். தஞ்சாவூருக்கு இன்றும் அந்த வழியாகத்தான் ரயில்.